கிச்சன் சுவர் டைல்ஸ் சரியா ஒட்டலையா? உளியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டிய டைல்ஸில் ஒன்று மட்டும் லேசாக முன்னால் தள்ளி நிற்கிறது. நேராகத் தொடங்கிய கோடு சுவிட்ச் போர்டு வருவதற்குள் கோணலாகிவிட்டது. ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். சில இடத்தில் 'டக் டக்', சில இடத்தில் 'டொம் டொம்'. இரண்டாவது சத்தம் வந்தால் டைலுக்குப் பின்னால் வெறும் காற்று. அது அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் டைல் என்றால் தள்ளிப்போடக் கூடாது.

"ஒரே நாள்ல உடைச்சிடலாம் சார்" என்பார் மேஸ்திரி. உடைப்பது ஒரு நாள் வேலைதான். அதற்கு முன்னும் பின்னும்தான் பணம் போகிறது.

வீட்டுக்கு எத்தனை வயசு?

பில்டரே டைல்ஸ் ஒட்டிக் கொடுத்த புது அபார்ட்மென்ட் என்றால், முதலில் உளியைக் கீழே வையுங்கள். ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு இதற்கு உதவும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்தில் குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். நாமே உடைத்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. தட்டும்போது வரும் சத்தத்தோடு வீடியோ எடுத்து, தேதி போட்டு இமெயில் அனுப்புங்கள். செக்யூரிட்டியிடம் சொன்னேன், சைட் இன்ஜினியரிடம் சொன்னேன் என்பதெல்லாம் பின்னால் நிற்காது.

வாடகை வீடா? ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு டைலைக்கூடத் தொட வேண்டாம். அட்வான்ஸில் கழிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

எல்லாத்தையும் எடுக்கணுமா?

தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிப்பவற்றை மார்க்கரால் குறியுங்கள். இரண்டு மூன்று மட்டும் என்றால் அவற்றை மாற்றினால் போதும். அதே ஷேடில் டைல் கிடைப்பதுதான் சிரமம். லாஃப்டில் மிச்சப் பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா வரிசையிலும் 'டொம்' கேட்டால் மொத்தமாக எடுப்பதே நல்லது. "பழசு மேலேயே புதுசு ஒட்டிடலாம்" என்ற யோசனையும் வரும். பழைய டைல் கெட்டியாக இருந்தால் மட்டும் அது சரி. கழலும் டைல் மேல் இன்னொன்றை ஒட்டினால் இரண்டும் சேர்ந்து விழும்.

சுவருக்குள்ளே என்ன ஓடுது?

சுவிட்ச் பாக்ஸிலிருந்து மின்குழாய் பெரும்பாலும் நேர் மேலே அல்லது கீழே போகும். குழாய், வாட்டர் பியூரிஃபையர் இணைப்புக்கும் அதே கதை. அந்தக் கோடுகளில் மெஷினை வைக்காமல் கையால் மெதுவாகக் கொத்தச் சொல்லுங்கள். கிச்சன் எம்சிபியை அணைத்து, பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். சிலிண்டரை மூடி வெளியே நகர்த்துங்கள். குழாய் வழி கேஸ் என்றால் வால்வை மூடுங்கள். அந்தக் குழாயைக் கழற்றவோ நகர்த்தவோ கேஸ் நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும், மேஸ்திரி அல்ல.

கிரானைட் மேடை மேல் பழைய மெத்தையோ பிளைவுட்டோ விரியுங்கள். சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். சிமென்ட் துண்டு உள்ளே போனால் அடுத்த வாரம் பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

எப்படி எடுப்பது?

முதலில் டைல்ஸுக்கு இடையே உள்ள கிரவுட்டை வெட்டி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடித்தால் அதிர்ச்சி பக்கத்து டைலுக்கும் பாயும். மேடையோடு சேரும் இடத்தில் சிலிகான் இருந்தால் கத்தியால் கீறிவிடலாம். பிறகு மேல் வரிசையின் ஓரத்திலிருந்து, தட்டை உளியைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டணும். நேராகக் குத்தினால் பூச்சும் கூடவே வரும். ஓரமே கிடைக்காத இடத்தில் நடுவே ஒரு டைலைப் பலி கொடுத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும்.

சுவர் எதனால் ஆனது என்பதையும் கேளுங்கள். புது அபார்ட்மென்ட்களில் ஏஏசி பிளாக் சுவர் நிறைய. அது மிருதுவானது, ரோட்டரி ஹேமர் வைத்தால் குழி விழும். மைவான் முறையில் கட்டிய கான்கிரீட் சுவர் என்றால் அதுவே கட்டடத்தைத் தாங்குகிறது. ஒட்டியதைச் சுரண்டலாம், சுவரை வெட்டக் கூடாது.

டைலின் முதுகைப் பாருங்க

தவறு எங்கே நடந்தது என்பது முதல் டைல் கழன்றதும் தெரிந்துவிடும். டைலின் முதுகு சுத்தமாக இருந்து, கலவை முழுவதும் சுவரில் நின்றால், டைலில் பிடிப்பே ஏற்படவில்லை. விட்ரிஃபைடு டைல் தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. அதனால் வெறும் சிமென்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாகக் கலவை இருந்தால், அவசரத்தில் ஒட்டியது. கலவை டைலோடு வந்து, பின்னால் பெயிண்டோ பட்டியோ தெரிந்தால், சுவரைக் கொத்திவிடாமலே ஒட்டியிருக்கிறார்கள். பூச்சே மணலாக உதிர்ந்தால் குறை டைல்காரருடையது அல்ல, பூச்சு வேலை செய்தவருடையது. அப்போது பூச்சையும் எடுத்தாக வேண்டும். இதையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். புதிதாக ஒட்டப்போகிறவரிடம் பேச இதுதான் உதவும்.

தூசியை லேசா நினைக்காதீங்க

கிரைண்டரால் டைலையும் சிமென்டையும் உலர்வாக வெட்டும்போது கிளம்புவது சிலிகா தூசு. நுரையீரலுக்குள் போகும் அளவு நுண்ணிய படிக சிலிகாவை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. நமக்கு இது ஒரு நாள், வேலை செய்பவருக்குத் தினமும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். கிச்சன் வாசலை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள். மின்விசிறி வேண்டாம்.

உடைத்ததை யார் அள்ளுவது என்பதை ரேட் பேசும்போதே கேட்டுவிடுங்கள். ரோட்டோரத்தில் கொட்டுவதை 2016-ம் ஆண்டின் கட்டடக் கழிவு விதிகளே தடை செய்தன. மேஸ்திரி கொட்டினாலும் அசோசியேஷன் நம் கதவைத்தான் தட்டும்.

அடுத்து ஒட்டும்போது

பூச்சைப் புதுப்பித்தால் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி, காய விட்டு, பிறகே டைல். பட்டி மேல் ஒட்டக் கூடாது. ஐஎஸ் 15477 தரக் குறியீடு உள்ள டைல் பசையை, பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லிசாகத் தடவணும். ஒட்டியதும் ஒரு டைலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுவதும் பசை பிடித்திருந்தால் தொடரலாம். அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது எபாக்ஸி கிரவுட் போடுங்கள், சாதா கிரவுட்டில் ஏறிய மஞ்சள் கறை எளிதில் போகாது.