எண்ணெய் கசிந்த எஞ்சின்கள்

1937இல் கோவென்ட்ரியின் டிரையம்ப் நிறுவனம் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஸ்பீடு ட்வின்னை வெளியிட்டது. 500 சிசி, இரண்டு சிலிண்டர்கள். போருக்குப் பின் பி.எஸ்.ஏ.வும் நார்ட்டனும் அவ்வமைப்பையே பின்பற்றின. எண்ணெய்க் கசிவும் உடன் வந்தது. பழியைக் கேஸ்கெட்டின் மீது போடுவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கிராங்க் கேஸின் இரு பாதிகளுக்கிடையே கேஸ்கெட்டே கிடையாது, பசை மட்டுந்தான். இரு பிஸ்டன்களும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்குபவை. இறங்குகையில் உள்ளிருக்கும் காற்று அழுந்துகிறது. பிரீதர் வழியே அது வெளியேறாவிட்டால் எண்ணெயையும் தள்ளிக்கொண்டு இணைப்புகளில் வழி தேடும். கேஸோ செங்குத்தாகப் பிளந்தது. இணைப்புக்கோடு அடிவரை ஓடும்.

1969இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி750இல் கேஸ் கிடைமட்டமாகப் பிரிந்தது. நான்கு பிஸ்டன்களில் இரண்டு ஏற, இரண்டு இறங்கியதால் உள்ளே கொள்ளளவு ஏறக்குறைய மாறவேயில்லை.

பழைய ட்வின்னைப் புதுப்பிக்கும் அனுபவசாலிகள் முதலில் பிரீதரைப் பார்க்கிறார்கள். பிறகு இணைப்பு முகங்களைத் தட்டையான கண்ணாடிமீது வைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே தெரியும் கீறல்களில் பல, முன்பு எவரோ ஸ்குரூடிரைவரால் நெம்பியதால் விழுந்தவை. (தொழிற்சாலையைக் குறை சொல்லுமுன் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.) கசிவுக்கு அஞ்சிச் சீலண்டை அள்ளிப் பூசினாலோ, பிதுங்கியது எண்ணெய்த் துளையை அடைக்கும், பேரிங் போய்விடும்.