அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ‘குலமித்திரன்’

பத்திரிகை என்றாலே சென்னை, மதுரை என்றுதான் நினைக்கிறோம். தினத்தந்தி மதுரையில் தொடங்கியது 1942ல். அதற்கு 23 வருடம் முன்பே, 1919ல், நம்ம அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் ‘நாடார் குலமித்திரன்’. நடத்தியவர் சூரங்குடி முத்து நாடார்.

அப்போது அருப்புக்கோட்டைக்கு ரயில்கூட கிடையாது, அது 1960களில்தான் வந்தது. சுற்றிலும் மானாவாரிக் காடு. இங்கே எதற்கு ஒரு பத்திரிகை?

காரணம் தேடினால் கமுதிக்குப் போக வேண்டும். வீரசோழன்காரர்களுக்குக் கமுதி பக்கத்து ஊர்தான். 1897ல் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி கேஸ் போட்டார். கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் நாடார்கள் தோற்றார்கள். நடுவில் 1899ல் சிவகாசிக் கலவரம் வேறு.

இத்தனைக்கும் அவர்களிடம் பணம் இருந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் வியாபாரம். ஒவ்வொரு ஊரிலும் உறவின்முறை மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்தியது. ஆனால் பணத்தால் கோவில் கதவு திறக்கவில்லை.

கோர்ட்டில் தோற்ற இரண்டு வருடத்தில், 1910ல், பொறையாரில் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. சரி, பொறையாரில் பேசியது பாலையம்பட்டிக் கடைக்காரருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அங்கேதான் பத்திரிகை தேவைப்படுகிறது. சென்னையில் ‘சுதேசமித்திரன்’ தேசத்துக்கு நண்பன் என்றால், இது குலத்துக்கு நண்பன்.

அந்த வருடங்களில் நடந்தவை சின்ன விஷயங்கள் இல்லை. 1921ல் அரசாங்கப் பதிவுகளில் ‘சாணார்’ என்ற பெயர் போய் ‘நாடார்’ வந்தது. தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும் அதே 1921ல்தான். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். 1969ல் அமெரிக்க ஆய்வாளர் ஹார்ட்கிரேவ் நாடார்களின் வரலாற்றை எழுதியபோது, இந்தப் பத்திரிகையும் அவருக்குச் சான்றாக உதவியது.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். ஒரே சந்தைக்கு வந்த மற்றவர்கள்? விவசாயக் கூலிகள், நெசவாளர்கள், கோவில் வாசலை மிதிக்கவே முடியாத தலித்துகள்? ‘குல’ என்ற சொல் உள்ளே இருப்பவரைச் சேர்க்கிறது, வெளியே இருப்பவரை விட்டுவிடுகிறது. இது அன்றே சிலருக்குப் புரிந்திருக்கிறது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அதற்குத் தலைமை தாங்கியவரே நாடார் தலைவர் சௌந்தரபாண்டியனார்தான்!

கடைசியில் கதவு எப்படித் திறந்தது? 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் கூட்டிப்போன குழுவில் தலித்துகளும் இருந்தார்கள், ஒரு நாடாரும் இருந்தார். தனித்தனியாக இல்லை, சேர்ந்தே போனார்கள்.

பத்திரிகை வைத்திருந்தவர்களின் குரல் நூறு வருடம் தாண்டியும் நமக்குக் கேட்கிறது. இல்லாதவர்களின் கதை தாத்தா பாட்டிகளோடு போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த லீவிலாவது உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.