வதந்திக்கு விலை கொடுத்தவர்கள்

பத்திரிகை பொதுமக்களின் கருத்தை உருவாக்குகிறது என்பர். அப்பத்திரிகையை உருவாக்குபவர் யார் என்று வினவுவோர் சிலரே. சென்னை மாநகரில் 1944ஆம் ஆண்டு நிகழ்ந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கு அவ்வினாவிற்கு விடை தரவல்லது.

அந்நாளில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு நிகரான புகழ் கொண்ட நடிகர் தமிழகத்தில் இலர். 1944 தீபாவளிக்கு வெளிவந்த அவரது ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மக்கள் அவருடைய பாட்டை விரும்பியதோடு நில்லாமல், அவரது வீட்டுக்குள் நடப்பதையும் அறிய விழைந்தனர். அவ்விழைவையே மூலதனமாக்கினார் சி.என். லட்சுமிகாந்தன். கலைஞர்களின் அந்தரங்கம் எனப் பலவற்றைத் தமது ‘சினிமா தூது’ ஏட்டில் எழுதினார். பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் முதலியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, அதன் உரிமம் ரத்தாயிற்று. ஆயினும் அவர் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்னும் ஏட்டைக் கைக்கொண்டு அதே தொழிலைத் தொடர்ந்தார். அதுவும் விற்றது. பாகவதரின் படத்திற்குக் காசு கொடுத்த மக்களே அவரைப் பற்றிய அவதூறுக்கும் காசு கொடுத்தனர்.

1944 நவம்பர் 8ஆம் நாள் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மாண்டார். எழுத்து எத்துணை இழிந்ததாயினும் அதற்குக் கத்தி விடையாகாது. அது பெரும் பாவம். பாகவதரும் கிருஷ்ணனும் அக்கொலையில் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது; உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகியோர் இருவரையும் விடுவித்தனர்.

நாயகன் சிறையில் இருந்த காலத்திலும் அவரது படம் அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். மக்களுக்குப் பொழுதுபோக்கு குறையவில்லை. இழந்தவர் அவரே. கலைவாணர் மீண்டும் திரையில் வெற்றி கண்டார். பாகவதருக்கோ பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1948இல் வந்த ‘ராஜமுக்தி’ தோல்வியுற்றது. 1959இல் தமது 49ஆம் வயதில் மறைந்தார். சட்டம் விடுதலையைத்தான் வழங்க முடியும். பறிபோன பெயரை மீட்டுத் தருவது அதன் கையில் இல்லை.

நம் முன்னோர் ஹதீஸ் கலையை வளர்த்த முறை இவ்விடத்து நினைவிற்கு வருகிறது. ஒரு செய்தி எத்துணை இனிதாயினும், அதை அறிவித்தவர் யார், யாரிடமிருந்து கேட்டார், நம்பத்தக்கவர்தாமா என ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் செய்தியைத் தீர விசாரிக்கக் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயம் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன என்பதற்கு ‘இந்து நேசன்’ வரலாறு தக்க சான்று.

இன்று வதந்திக்குக் காசும் வேண்டுவதில்லை. நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடித்து இரயிலுக்குக் காத்திருக்கும் இளைஞரின் கைப்பேசியில், நடிகர் ஒருவரின் மணமுறிவும் அரசியல்வாதி ஒருவரின் இரகசியமும் தாமே வந்து சேர்கின்றன. அவர் படிக்கிறார், பத்துப் பேருக்கு அனுப்புகிறார். அன்று வாசகராய் மட்டும் இருந்தவர் இன்று பதிப்பாளரும் ஆகிவிட்டார். ஆகவே அறிவிப்பாளருக்குரிய பொறுப்பும் அவரைச் சேர்ந்ததே. பெற்றோர் தம் மக்களுக்கு இதனை இளமையிலேயே உணர்த்துவார்களாக.