காஸாவின் மணலில் இந்திய வான்குடைப் படையினர்

இந்தியாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையிலான உறவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வாயில்களின் வழியாகவே உள்ளே நுழைகின்றனர். ஒன்று, கிலாஃபத் இயக்கமும், 1931-ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்து பைத்துல் முகத்தஸின் மண்ணில் நல்லடக்கம் செய்யப்பட்ட மௌலானா முஹம்மது அலீயும். மற்றொன்று, 1938-இல் ‘ஹரிஜன்’ இதழில் காந்தியடிகள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. இவ்விரண்டும் உரிய இடத்தைப் பெற்றவையே. மூன்றாவது வாயில் ஒன்றும் உண்டு. அதன் வழியே சென்றவர்கள் ஆலிம்களும் அல்லர். அரசியல் தலைவர்களும் அல்லர். சாதாரணப் படைவீரர்கள். 1956 முதல் 1967 வரை, ஏறத்தாழ பதினோராண்டுக் காலம், காஸாவின் எல்லைக்கோட்டில் இரவும் பகலும் காவல் நின்ற இந்திய வீரர்களைப் பற்றி நம் நூல்களில் ஒரு பக்கமேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அங்கு முதலில் சென்ற இந்தியப் படையணி, பாராசூட் ரெஜிமெண்டின் மூன்றாம் பட்டாலியன். வானிலிருந்து குதித்துப் போரிடுவதற்கென்றே பயிற்சி பெற்ற வான்குடை வீரர்கள் அமைதி காக்கும் பணிக்கு அனுப்பப்பட்டது எவ்வாறு என்பதை அறிய, அப்படையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 அக்டோபரில் தில்லியில் 50-ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேட் அமைக்கப்பட்டது. பிரிட்டிஷார், இந்தியர், கூர்க்காக்கள் என மூன்று பட்டாலியன்கள் அதில் இருந்தன. 1945-இல் இந்தியப் பாராசூட் ரெஜிமெண்ட் உருவானபோது, அதுவரை ஒன்றாக இருந்த இந்தியப் பட்டாலியன், ஹிந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரே விமானத்திலிருந்து ஒரே கதவின் வழியே குதித்துப் பழகியவர்களைச் சமயத்தின் பெயரால் பிரித்தனர் ஆங்கிலேயர். நாடு பிரிவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே நடந்த பிரிவினை இது. 1947-இல் 50, 77 ஆகிய பிரிகேடுகள் இந்தியாவுக்கும், 14-ஆவது பிரிகேட் பாகிஸ்தானுக்கும் வந்து சேர்ந்தன. இந்தியாவிலேயே தங்கிவிட முடிவு செய்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மான், நௌஷேராவில் 50-ஆவது பாராசூட் பிரிகேடுக்குத் தலைமையேற்று, 1948 ஜூலை 3 அன்று ஜங்கர் என்னுமிடத்தில் வீழ்ந்தார். தில்லி ஜாமியா மில்லியாவின் அருகே அவருடைய கப்ரு இருக்கிறது.

1952 ஏப்ரலில் இந்திய இராணுவம் பாராசூட் ரெஜிமெண்டைப் புதிதாக அமைத்தபோது, பஞ்சாப், மராத்தா, குமாவோன் ரெஜிமெண்டுகளிலிருந்து ஒவ்வொரு பட்டாலியன் அதற்கு மாற்றப்பட்டது. குமாவோனிலிருந்து வந்ததே மூன்றாம் பாரா. இங்கே வரலாறு ஒரு விந்தையைச் செய்திருக்கிறது. இதே பட்டாலியன், 1/50 குமாவோன் ரைஃபிள்ஸ் என்னும் பழைய பெயரில், 1918-இல் ஜெனரல் ஆலன்பியின் படையில் 60-ஆவது டிவிஷனின் ஓர் அங்கமாகப் பாலஸ்தீனத்தில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டிருக்கிறது. பேரரசின் கூலிப்படையாக அம்மண்ணை மிதித்த ஒரு பட்டாலியன், முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துச் சுதந்திர நாட்டின் படையாக, உலக மன்றத்தின் நீலநிறத்தை அணிந்து மீண்டும் அங்கே வந்தது.

1956-ஆம் ஆண்டின் சூயஸ் போரே வான்குடையோடுதான் தொடங்கியது. அக்டோபர் 29 மாலையில், 16 டக்கோட்டா விமானங்களிலிருந்து 395 இஸ்ரேலிய வீரர்கள் சினாய்ப் பாலையில் மித்லா கணவாயின் அருகே குதித்தனர். அவர்களுடைய பிரிகேடுக்குத் தலைவராக இருந்தவர் ஏரியல் ஷரோன். நவம்பர் 5 அன்று பிரிட்டனின் மூன்றாம் பாரா பட்டாலியன் போர்ட் ஸயீதின் கமீல் விமானத் தளத்தில் இறங்கியது. பிரெஞ்சு வான்குடைப் படையினரும் அதே நாளில் வேறோரிடத்தில் இறங்கினர். ஆக, எகிப்தின் மீது படையெடுத்த மூன்று நாடுகளுமே வானிலிருந்து வந்தன. அதே மாதம், இடையில் நின்று போரை விலக்குவதற்காக வந்தவர்களும் வான்குடை வீரர்களே; ஆனால் அவர்கள் குதிக்கவில்லை. பிரிட்டிஷ் மூன்றாம் பாரா ஒரு கரையிலும், இந்திய மூன்றாம் பாரா மறுகரையிலும். இந்தப் பெயரொற்றுமையைப் போர் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐக்கிய நாடுகள் அவசரகாலப் படை என்பது அதற்குமுன் உலகம் கண்டிராத ஏற்பாடு. 1956 நவம்பர் 4 அன்று பொதுச்சபை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது; நவம்பர் 15-இலேயே முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கிவிட்டனர். நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. அமெரிக்கத் தலைக்கவசங்களின் உட்கூடுகளுக்கு நீல வண்ணம் பூசி வீரர்களுக்குக் கொடுத்தனர். இன்று உலகெங்கும் அமைதிப்படையின் அடையாளமாக விளங்கும் நீலக் கவசத்தின் பிறப்பு இதுதான். எந்த நாட்டுப் படைகள் வரலாம் என்பதில் எகிப்து மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தது. கனடாவின் ‘குவீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ்’ படையை, பெயரிலும் உடையிலும் பிரிட்டிஷ் சாயல் இருக்கிறதென்று ஏற்க மறுத்தது. பாகிஸ்தான் அனுப்ப முன்வந்த படையையும் நாசிர் ஏற்கவில்லை. பாக்தாத் உடன்படிக்கையில் பிரிட்டனோடு கைகோத்து நின்ற ஒரு முஸ்லிம் நாட்டின் வீரர்களைவிட, சமயம் வேறாயினும் அணிசேராக் கொள்கையில் தம்மோடு நின்ற நேருவின் வீரர்களையே கெய்ரோ நம்பியது. சமயச் சகோதரத்துவத்தை மட்டும் வைத்து மேற்காசிய அரசியலை அளக்க முற்படுவோர் ஆழ்ந்து நோக்கவேண்டிய நிகழ்ச்சி இது.

காஸாவின் அளவை நம் வாசகர்களிற் பலர் சரியாக மனத்திற் கொள்வதில்லை. அதன் பரப்பு சுமார் 365 சதுர கிலோமீட்டர். வடக்கனந்தலில் நின்று பார்த்தால் மேற்கே அரணாக எழுந்து நிற்கும் கல்வராயன் மலைத்தொடரின் பரப்பு ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர். அம்மலையில் மூன்றிலொரு பங்கு நிலம். அதில், அக்காலக் கணக்குப்படியே, சுமார் மூன்று இலட்சம் மக்கள். அவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் 1948-இல் தம் ஊர்களை இழந்து வந்த அகதிகள். அவர்களிற் பலருடைய வயல்களும் வீடுகளும் எல்லைக்கோட்டுக்கு அப்பால், கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன.

1956 நவம்பரில் அந்நிலம் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தபோது நடந்தவற்றை ஐ.நா. நிவாரண முகமையின் இயக்குநர் தம் சிறப்பறிக்கையிற் பதிவு செய்திருக்கிறார். நவம்பர் 3 அன்று கான் யூனிஸில் கொல்லப்பட்டோர் 275 பேர். நவம்பர் 12 அன்று ரஃபாவில் 111 பேர். 1957 மார்ச்சில் இஸ்ரேல் விலகி, நீலக்கவசப் படை உள்ளே நுழைந்தபோது, அது சந்தித்தது இந்தக் காயங்கள் ஆறாத மக்களைத்தான். காஸாவைச் சர்வதேச ஆட்சியின்கீழ் வைத்துவிடுவார்களோ என்னும் ஐயம் எழுந்து, மார்ச் 10 அன்று மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர், ஐ.நா. படை சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். சில நாட்களிலேயே எகிப்திய நிர்வாகம் திரும்பி வந்தது. படை தன் பணியை எல்லைக்கோட்டோடு நிறுத்திக்கொண்டது.

அந்தப் பணி எப்படிப்பட்டது? காஸாப் பட்டையைச் சுற்றிய போர்நிறுத்தக் கோடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் தூரத்தில் 72 காவற்சாவடிகள். பகலில் சாவடிக்கு இருவர். இரவில் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சுற்றுக்காவல். கோட்டைத் தாண்ட முயல்வோரைப் பிடித்து உள்ளூர்க் காவல்துறையிடம் ஒப்படைப்பது வீரர்களின் கடமை. போர் இல்லை, புகழும் இல்லை. பதினோராண்டுகளில் இந்தியா மாறி மாறி 11 பட்டாலியன்களை அனுப்பியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த மணலில் நடந்தனர். படைத்தலைவர்களிலும் இருவர் இந்தியர்: 1959 முதல் 1964 வரை லெஃப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். கியானி, 1966 முதல் முடிவுவரை மேஜர் ஜெனரல் இந்தர் ஜித் ரிக்கி. 1960 மே மாதத்தில் பிரதமர் நேருவே காஸாவுக்கு வந்து வீரர்களைச் சந்தித்தார். அவர் திரும்பிச் சென்ற ஐ.நா. விமானத்தை இஸ்ரேலியப் போர்விமானங்கள் வானில் நெருங்கி அச்சுறுத்தியது நாடாளுமன்றம்வரை பேசப்பட்டது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. அவ்வீரர்கள் யாரைக் காத்தனர்? ஐ.நா. படையைத் தன் பக்கத்தில் நிறுத்த இஸ்ரேல் ஒருபோதும் இசையவில்லை. ஆகவே காவற்சாவடிகள் யாவும் காஸாவின் பக்கமே இருந்தன. தாண்டக்கூடாதென்று தடுக்கப்பட்டவர்களில் ஆயுதமேந்தியோரும் இருந்தனர். தம் பழைய வயலையும் தோட்டத்தையும் நாடிய உழவரும் இருந்தனர். அகதிகள் ஊர் திரும்பும் உரிமையை 1948 டிசம்பரில் 194-ஆம் தீர்மானத்தால் ஏற்ற அதே பொதுச்சபையின் படையே அவர்கள் திரும்பும் வழியை மறித்து நின்றது. இதனைச் சுட்டி, அப்படை இழப்பை நிலைபெறச் செய்ததேயன்றி அமைதியைத் தரவில்லை என்பாரும் உளர். அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும் முழு உண்மையும் அதுவன்று என்பதே என் எண்ணம். கான் யூனிஸ், ரஃபா படுகொலைகளைப் போன்ற ஒன்று அந்தப் பத்தாண்டுகளில் காஸாவில் நிகழவில்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் முகாம்களின் பள்ளிகளில் படித்து வெளிவருவதற்கு அந்த இடைவெளி கிடைத்தது. காவல் காத்தவர்கள் நீதியைக் கொண்டுவரவில்லை. அது அவர்களுக்கு இடப்பட்ட பணியும் அன்று. நீதியைக் கொண்டுவரவேண்டியவர்கள் நியூயார்க்கில் இருந்தனர். சாவடிகள் தந்த பத்தாண்டு அவகாசத்தை அவர்கள் வீணாக்கினார்கள்.

இந்தியா இவ்விஷயத்தில் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. 1947-இல் ஐ.நா. அமைத்த பாலஸ்தீனச் சிறப்புக்குழுவில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றவர் நீதியரசர் ஸர் அப்துர் ரஹ்மான். சென்னை உயர்நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் நீதிபதியாக வீற்றிருந்தவர். பிரிவினையை மறுத்து, ஈரான், யூகோஸ்லாவியா ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே கூட்டாட்சி நாடு என்னும் சிறுபான்மைத் திட்டத்தை அவர் முன்வைத்தார். நவம்பர் 29 அன்று 33 வாக்குகள் ஆதரவாகவும் 13 எதிராகவும் விழுந்தன. அந்தப் பதின்மூன்றில் ஒன்று இந்தியாவினுடையது.

1967 மே 16 அன்று, சினாயிலுள்ள சாவடிகளிலிருந்து ஐ.நா. வீரர்களை விலக்குமாறு எகிப்தியத் தளபதியின் கடிதம் ஜெனரல் ரிக்கியின் கைக்கு வந்தது. இரண்டு நாட்களில் பொதுச்செயலாளர் ஊதாண்ட் படையைத் திரும்பப் பெற இசைந்தார். அவசரப்பட்டாரா, வேறு வழியில்லையா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஜூன் 5 காலையில் போர் மூண்டபோது, சாவடிகளை விட்டுவிட்டு ஊர் திரும்புவதற்காகக் காத்திருந்தனர் இந்திய வீரர்கள். கான் யூனிஸ் அருகே சென்ற அவர்களுடைய வாகன அணியை இஸ்ரேலிய விமானம் தாக்கியதில் மூவர் மாண்டனர். பின்னர் முகாம்கள்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. அந்நாட்களில் உயிரிழந்த ஐ.நா. வீரர்களில் இந்தியர் 14 பேர். பிரேசில் நாட்டவர் ஒருவர். மறுநாள் நாடாளுமன்றத்தில் பிரதமர் இந்திரா காந்தி இதனைக் கடுமையாகக் கண்டித்தார். இஸ்ரேல் வருத்தம் தெரிவித்தது. அதே வாரத்தில், ஜூன் 7 அன்று, பைத்துல் முகத்தஸின் பழைய நகருக்குள் நுழைந்ததும் ஒரு வான்குடைப் படையே. எல் அரீஷில் குதிப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்த அப்படை, குதிப்பு கைவிடப்பட்டதால், பேருந்துகளில் ஏறி அந்நகருக்கு வந்திருந்தது.

இந்தப் பதினால்வரை இந்தியா எவ்வாறு நினைவுகூர்கிறது? 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவைக் கைப்பற்றிய ஜோத்பூர், மைசூர்க் குதிரைப்படைகளுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகிறது. 2018 ஜனவரியில், இஸ்ரேலியப் பிரதமரின் வருகையையொட்டி, தில்லியின் தீன் மூர்த்தி சதுக்கம் ‘தீன் மூர்த்தி ஹைஃபா’ எனப் பெயர் மாற்றப்பட்டது. ஹைஃபாவில் மாண்டவர்களும் நம்மவர்களே. அவர்களுடைய வீரத்தை மறுப்பார் இல்லை. ஆயினும், பிறர் பேரரசுக்காகப் போரிட்டு வீழ்ந்தவர்களுக்குச் சதுக்கம் இருக்க, சுதந்திர இந்தியாவின் ஆணையை ஏற்று அமைதிக்காக நின்று வீழ்ந்தவர்களுக்குத் தலைநகரின் ஒரு முனைகூடக் கிடைக்காதது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு ஏற்பட்ட பின்னர் எதை நினைப்பது, எதை மறப்பது என்பதும் வெளியுறவுக் கொள்கையின் பகுதியாகிவிட்டது.

வான்குடை வீரர்களின் உலகமும் இதற்கிடையே உருமாறிவிட்டது. மூன்றாம் பாரா இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறப்புப் படையாக மாற்றப்பட்டது. பெருந்திரளாகக் குதிக்கும் போர்முறை வழக்கொழிந்துவருகிறது. வானிலிருந்து குதிப்பது பணம் கொடுத்துப் பெறும் விளையாட்டாகவும் ஆயிற்று. கல்வராயன் மலைக்கு மறுபுறம் உள்ள சேலத்தின் விமானத் தளத்திலேயே 2010-களில் அதற்கான முகாம்கள் நடந்தன. காஸாவின் வானத்தில் மட்டும் அது விளையாட்டாகவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று, இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட தாக்குதலில், ஹமாஸின் சில வீரர்கள் இயந்திரம் பொருத்திய பறக்கும் குடைகளில் எல்லையைக் கடந்தனர். பழைய காவற்சாவடிகள் நின்ற அதே எல்லை. அதைத் தொடர்ந்த போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர் மாண்டு, தரைவழிகள் அடைபட்டு, பசி பரவியபோது, 2024 மார்ச்சில் அமெரிக்கா, ஜோர்தான் முதலிய நாடுகள் வான்குடைகளில் உணவு மூட்டைகளை இறக்கின. மார்ச் 8 அன்று ஷாத்தி அகதி முகாமருகே ஒரு குடை விரியாமல் மூட்டை வீழ்ந்ததில், உணவுக்காகக் காத்திருந்தோரில் ஐவர் இறந்தனர்.

அதே ஆண்டு மே 13 அன்று, ரஃபாவில், ஐ.நா. அடையாளமிட்ட வாகனத்தில் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றுகொண்டிருந்த ஐ.நா. பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவர் தாக்குதலில் உயிரிழந்தார். அவர் இந்திய இராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.