கடல் கடந்த பருவப் போட்டிகள்: அமெரிக்க உதைபந்தாட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயம்

உதைபந்தாட்டம் என்றதும் எம் மனக்கண்ணில் எழும் காட்சி ஒன்று. ஐக்கிய அமெரிக்கர் அச்சொல்லாற் குறிக்கும் ஆட்டம் பிறிதொன்று. அவர்தம் ஆட்டத்திற் பந்து காலால் உதைக்கப்படுவது அரிது. நீள்கோள வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும் முன்னோக்கி எறிந்து பிடித்தலுமே அவ்வாட்டத்தின் உயிர்நிலை. ஆங்கிலேயரின் றக்பியிலிருந்து கிளைத்த அவ்வாட்டம், 1880இல் வோல்ற்றர் காம்ப் முன்மொழிந்த விதிமாற்றத்தின் பின்னரே தனியுருப் பெற்றது. பந்துக்காக இருசாராரும் ஒருங்கே முட்டிமோதுதலை விடுத்து, பந்து ஒரு சாராரிடம் இருக்க, இரு அணியும் எதிரெதிர் வரிசையாய் நின்று ஆட்டத்தைத் தொடங்கும் முறை அன்று பிறந்தது.

ஆங்கிலேயர் தாம் சென்ற இடமெங்கும் கிரிக்கெட்டையும் றக்பியையும் கொண்டு சென்றனர் என்பது நாம் நன்கறிந்த செய்தி. கண்டி, கொழும்பு மைதானங்களே அதற்குச் சான்று. ஆனால் இரண்டாம் உலகப் போரின் பின் உலகின் முதன்மை வல்லரசாக நிமிர்ந்த ஐக்கிய அமெரிக்கா, தன் மக்கள் யாவற்றினும் மேலாக விரும்பும் ஆட்டத்தைப் பிற நாடுகளில் வேரூன்றச் செய்ய இயலவில்லை. அதன் திரைப்படமும் இசையும் குளிர்பானமும் சென்ற இடங்களுக்கு இவ்வாட்டம் செல்லவில்லை. இவ்வாட்டத்தைப் பிறநாட்டு மண்ணிற் காட்டுதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் ஒன்றை மாத்திரமே இக்கட்டுரை ஆராய்கின்றது. அதாவது, தேசிய உதைபந்தாட்ட லீக்கின் பருவப் போட்டிகள் வெளிநாடுகளில் நடத்தப்பட்ட வரலாறு.

பருவப் போட்டிக்கும் காட்சிப் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிதல் வேண்டும். காட்சிப் போட்டி பருவம் தொடங்குமுன் ஆடப்படுவது. வெற்றியும் தோல்வியும் கணக்கிற் சேரா. பருவப் போட்டியோ ஆண்டின் முடிவில் யார் வெல்வார் என்பதைத் தீர்மானிப்பது. 1978 தொடக்கம் 2020 வரை ஓர் அணிக்கு ஒரு பருவத்திற் கிடைத்த போட்டிகள் 16. அவற்றுட் சொந்த மைதானத்தில் ஆடப்பட்டவை எட்டே எட்டு. ஓர் ஊரார் தம் அணியைத் தம் மண்ணிற் கண்டு களிக்க ஆண்டில் எட்டு நாட்களே உண்டு என்பதை மனத்திருத்திக் கொண்டாலன்றி இவ்வரலாறு விளங்காது. காட்சிப் போட்டியை வெளிநாட்டிற்குக் கொண்டுசென்றால் எவர்க்கும் பெரிய இழப்பில்லை. பருவப் போட்டியைக் கொண்டுசெல்வதாயின் அந்த எட்டில் ஒன்றை எந்த ஊராரேனும் இழந்தாக வேண்டும். இழப்பவர் யார்?

இவ்வினா எழாத காலத்துச் செய்திகளைச் சுருக்கமாகவே கூறிச் செல்லலாம். 1920இல் ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரில் வேறொரு பெயருடன் தோன்றி, 1922இல் இன்றைய பெயரைப் பெற்ற இந்த லீக்கின் அணிகள், 1976இல் தோக்கியோவிலும் 1978இல் மெக்சிக்கோ நகரிலும் 1983இல் இலண்டன் வெம்பிளி அரங்கிலும் காட்சிப் போட்டிகளை ஆடின. பிரித்தானியாவில் 1982இல் தோன்றிய நான்காவது அலைவரிசைத் தொலைக்காட்சி இவ்வாட்டத்தை வாரந்தோறும் ஒளிபரப்பலாயிற்று. அதனால் உருவான சுவைஞர் கூட்டமே 1986 ஆகஸ்டில் சிக்காக்கோ பெயர்ஸ் அணியும் டல்லாஸ் கௌபோய்ஸ் அணியும் மோதிய வெம்பிளிப் போட்டிக்குத் திரண்டது. அமெரிக்க மண்ணுக்குப் புறம்பே ஐரோப்பாவிலேயே அணிகளை நிறுவும் முயற்சியும் 1991இல் தொடங்கப்பட்டது. பெயர் பலமுறை மாறி, இடையில் ஈராண்டு நின்று, ஈற்றில் ஆறு அணிகளுள் ஐந்து ஜேர்மனியிலேயே எஞ்சிய நிலையில் 2007 ஜூனில் அது மூடப்பட்டது. ஐரோப்பியர் விரும்பியது இரண்டாந்தர ஆட்டக்காரரையன்று, தொலைக்காட்சியிற் கண்ட உண்மையான அணிகளையே என்பது அதனாற் பெறப்பட்ட பாடம்.

முதலாவது பருவப் போட்டி 2005 ஒக்டோபர் 2ஆந் திகதி மெக்சிக்கோ நகரின் அஸ்ரெக்கா அரங்கில் நடைபெற்றது. அரிசோனா கார்டினல்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோ அணியை 31–14 என வென்றது. பார்வையாளர் தொகை 103,467. அன்று தன் சொந்த மைதானப் போட்டியை விட்டுக்கொடுத்தது அரிசோனா அணி. அவ்வணி அக்காலத்தில் ஒரு பல்கலைக்கழக அரங்கில், பாலைவன வெயிலில், காலியான இருக்கைகளுக்கு மத்தியில் ஆடிவந்தது என்பது நோக்கத்தக்கது. அணியின் உடைமையாளர் இழந்தது சிறிது, பெற்றது பெரிது.

அடுத்த ஆண்டே ஒரு பருவத்தில் இரு போட்டிகள் வரை வெளிநாட்டில் நடத்தலாம் என அணிகளின் உடைமையாளர் தீர்மானித்தனர். 2007 ஒக்டோபர் 28இல், புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கில், 81,176 பேர் முன்னிலையில், நியூ யோர்க் ஜயன்ட்ஸ் அணி மயாமி டொல்பின்ஸ் அணியை 13–10 என வென்றது. மழையில் நனைந்த புற்றரை சேறாகக் கிளறப்பட்டது. நவம்பர் 21இல் அதே தரையில் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அணி குரோஷியாவிடம் 3–2 எனத் தோற்று ஐரோப்பியக் கிண்ணத் தகுதியை இழந்தபோது, தரையின் நிலை பற்றிய கண்டனமும் உடன் எழுந்தது. தோல்விக்குத் தரை காரணமன்று. எனினும் தன் வீட்டு முற்றத்தை விருந்தாளிக்கு வாடகைக்கு விட்டவர் அடையும் சங்கடத்தை ஆங்கிலேயர் அன்று சிறிது சுவைத்தனர் எனலாம். பின்னாளில் ரொட்டன்ஹாம் கழகம் கட்டி 2019இல் திறந்த புதிய அரங்கிற் புற்றரை அப்படியே வெளியே நகர்த்தப்பட, அதன் கீழே அமெரிக்க ஆட்டத்துக்கெனச் செயற்கைத் தரை வெளிப்படுமாறு அமைக்கப்பட்டமை இச்சிக்கலுக்கு விடையாயிற்று.

இனி முன்னெழுப்பிய வினாவுக்கு வருவோம். 2007இல் சொந்தப் போட்டியை இழந்தவர் மயாமி மக்கள். அவ்வணி அப்பருவத்தில் ஒரேயொரு போட்டியிலேயே வென்றது. 2008இல் இழந்தவர் நியூ ஓர்லியன்ஸ் மக்கள். கத்ரீனாப் புயலால் 2005ஆம் ஆண்டு முழுவதும் தம் அணியைத் தம் நகரிற் காணப்பெறாதிருந்தவர்கள் அவர்கள். 2006இல் திருத்தியமைக்கப்பட்ட அரங்கிற்கு அணி திரும்பியதை நகரின் மறுவாழ்வாகவே கொண்டாடினர். ஈராண்டு கழியுமுன் எட்டில் ஒன்று இலண்டனுக்குப் போயிற்று. 2009இலும் 2011இலும் இழந்தது ரம்பா பே. 2012இல் இழந்தது சென் லூயிஸ். இவ்வணி மூன்று ஆண்டுகளுக்கு இலண்டன் செல்ல உடன்பட்டிருந்தது. ஆனால் அரங்கை நிருவகித்த பொதுநிறுவனம், சொந்தப் போட்டிகள் யாவும் அவ்வரங்கிலேயே ஆடப்படல் வேண்டுமென்ற குத்தகை விதியைச் சுட்டி எதிர்த்தது. ஒரு போட்டியுடன் ஏனைய இரண்டும் கைவிடப்பட்டன. அந்த வெற்றி நிலைக்கவில்லை. 2016இல் அணி முழுவதுமே சென் லூயிசை விட்டு லொஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்துவிட்டது.

சென் லூயிஸ் விட்ட இடத்தை ஏற்றது புளோரிடாவின் ஜக்சன்வில் நகரத்து ஜாகுவார்ஸ் அணி. பாக்கிஸ்தானிற் பிறந்து அமெரிக்காவில் மோட்டார் உதிரிப்பாகத் தொழிலாற் செல்வரான ஷாகித் கான் 2012இல் அவ்வணியை வாங்கினார். 2013 முதல், பெருந்தொற்று நிலவிய 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் ஒரு சொந்தப் போட்டியை அவ்வணி இலண்டனில் ஆடி வந்துள்ளது. சிறிய நகரம், நிரம்பாத அரங்கு, குறைந்த வருமானம் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். இலண்டன் வருமானம் இன்றேல் அணியே நகரை விட்டு நீங்க நேரிடலாம் என்ற அச்சமும் உடனிருந்தது. எட்டையும் இழவாதிருக்க ஒன்றைக் கொடு என்பதே அவ்வூர் மக்களுக்குச் சொல்லாமற் சொல்லப்பட்டது. 2021இல் நிகழ்ந்தது ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. தொடர்ந்து 20 போட்டிகளில் தோற்றிருந்த அவ்வணி, ஒக்டோபர் 17இல் மயாமியை 23–20 எனக் கடைசி உதையிலே வென்று அத்துயரைத் தீர்த்தது. அது கணக்கின்படி சொந்த மைதானப் போட்டி, ஆடப்பட்டதோ இலண்டனில். ஓராண்டுக்கு மேலாகப் பொறுத்திருந்த ஜக்சன்வில் மக்கள் அவ்வெற்றியைத் தொலைக்காட்சியிலேயே கண்டனர்.

பபலோ அணியின் கதை இதனினும் கசப்பானது. கனடாவின் றொஜர்ஸ் நிறுவனம் எட்டுப் போட்டிகளுக்கு, அவற்றுள் ஐந்து பருவப் போட்டிகள், 78 மில்லியன் டொலர் கொடுக்க முன்வந்தது. 2008 முதல் 2013 வரை ஆண்டுக்கொரு பருவப் போட்டி ரொறன்ரோவில் நடைபெற்றது. பனி பொழியும் திறந்த வெளியில் எதிரணியைத் திணறடிக்கும் பபலோ அணி, கூரை மூடிய அரங்கில் ஆடி ஆறில் ஐந்திற் தோற்றது. பபலோ மக்கள் தம் அணி எல்லை கடந்து நிரந்தரமாகப் போய்விடுமோ என அஞ்சினர். ரொறன்ரோ மக்களோ அதனைத் தம் அணியாக ஏற்கவில்லை. தமக்கெனத் தனி விதிகளுடைய உதைபந்தாட்டமும் தனி லீக்கும் கனடியருக்கு உண்டு என்பது இங்கு மறக்கப்பட்டது. 2014இல் அவ்வேற்பாடு முடிவுற்றது.

இப்பட்டியலிற் காணப்படாத பெயரே எல்லாவற்றினும் கூடுதலாகப் பேசுகிறது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களே வாழும் சிறு நகரத்தின் கிறீன் பே பக்கர்ஸ் அணி 2022 வரை வெளிநாட்டில் ஒரு பருவப் போட்டியேனும் ஆடவில்லை. 32 அணிகளுள் இறுதியாகச் சென்றது அதுவே. அவ்வணிக்குத் தனி உடைமையாளர் இல்லை. பங்குகள் பொதுமக்களிடம் உள்ளன. அதன் பருவச் சீட்டுக்கள் 1960 தொடக்கம் முற்றாக விற்றுத் தீர்ந்து வருபவை. எட்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க அவ்வூரார் இசையவில்லை. எதிரணிகளும் பக்கர்சுடனான தத்தம் சொந்தப் போட்டியை இலண்டனுக்கு அனுப்ப விரும்பவில்லை. ஏனெனில் எந்த அரங்கையும் நிரப்பும் கூட்டம் அது. ஆகவே முதற் பதினைந்து ஆண்டுகளிற் பெரும்பாலும் கடல் கடந்தவை, வலியவர் வைத்துக்கொண்டு மெலியவர் கொடுத்த போட்டிகளே. 1961ஆம் ஆண்டின் சட்டத்தின் துணையாற் தொலைக்காட்சி வருமானத்தை எல்லா அணிகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் லீக் ஒன்றில், வெளிநாட்டுச் சந்தையின் செலவு மாத்திரம் சமமாகப் பகிரப்படவில்லை.

சந்தை என்ற சொல்லை இங்கு எண்ணியே எழுதுகிறேன். வெளிநாட்டுச் சுவைஞரை ஈட்டுதல் ஒன்றே நோக்கமென்பது முழு உண்மையாகாது. 2014 ஒக்டோபர் 26இல் இலண்டன் போட்டியொன்று அந்நாட்டு நேரம் பிற்பகல் 1.30க்குத் தொடங்கப்பட்டது. நியூ யோர்க்கில் அப்பொழுது ஞாயிறு காலை 9.30. அமெரிக்கர் வழமையாக நண்பகலின் பின்னரே காணும் ஆட்டத்தைக் காலையுணவு வேளையிலும் காணச் செய்யும் புதியதொரு தொலைக்காட்சி நேரம் இவ்வாறு பிறந்தது. கடல் கடந்த போட்டி உள்நாட்டிலும் விற்பனைப் பண்டமாயிற்று.

2021 மார்ச்சில் எட்டுப் போட்டிச் சிக்கல் ஒருவாறு அவிழ்க்கப்பட்டது. பருவத்தின் போட்டிகள் 16இலிருந்து 17 ஆகக் கூட்டப்பட்டன. லீக்கின் இரு பிரிவுகளுள் ஒரு பிரிவின் அணிகளுக்கு ஆண்டு மாறி ஆண்டு ஒன்பது சொந்தப் போட்டிகள் கிடைக்கலாயின. அவ்வாறு ஒன்பதுடையோரே பெரும்பாலும் வெளிநாட்டிற்குக் கொடுப்போராயினர். எட்டாண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வோர் அணியும் கொடுத்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. கிறீன் பே பயணப்பட்டதும் இதன் பின்னரே. 2022இல் மியூனிக், 2023இல் பிராங்பேட், 2024இல் சாவோ பாவுலோ எனப் பயணம் விரிந்தது. 2025இல் ஏழு போட்டிகள் வெளிநாடுகளில் நிகழ்ந்தன. ஏழிலும் சொந்த அணியாகக் கணக்கிடப்பட்டவை ஒன்பது பெற்ற பிரிவைச் சேர்ந்தவையே.

அவ்வேழினுள் டப்ளின் நகரத்துக் குரோக் பார்க்கில் நடந்தது வரலாற்று மாணவர் கருத்தைக் கவர்வது. 1920 நவம்பர் 21இல் பிரித்தானியப் படையினர் சுட்டு 14 பேர் உயிரிழந்த மைதானம் அது. ஆங்கிலேயரின் உதைபந்தாட்டத்துக்கும் றக்பிக்கும் 2005 வரை அங்கு இடமளிக்கப்படவில்லை. அமெரிக்கரின் ஆட்டமோ 1996இலும் 1997இலுமே அங்கு அனுமதிக்கப்பட்டது. ஆண்டவனின் ஆட்டத்துக்கு மூடிய கதவு, ஆளாதவனின் ஆட்டத்துக்குத் திறந்தது.

ஆயின் பதினேழாவது போட்டி வானத்தினின்று வீழ்ந்ததன்று. அதற்கு இடமளித்த ஒப்பந்தத்தை ஆட்டக்காரர் சங்கம் 2020 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஏற்றோர் 1,019; மறுத்தோர் 959. மோதலே தொழிலாகவுள்ள ஆட்டத்தில் ஒரு போட்டி கூடுதலென்பது முழங்காலும் மூளையும் தாங்கவேண்டிய ஒரு பகற்பொழுது கூடுதலென்பதே. ஊரார் இழந்துவந்ததை அறுபது வாக்கு வேறுபாட்டில் ஆட்டக்காரர் தம் உடலின்மீது ஏற்றுக்கொண்டனர். வெளிநாட்டுப் போட்டிகளை ஆண்டுக்கு 16 ஆக்க விரும்புவதாக லீக்கின் ஆணையாளர் பின்னர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். பருவத்தின் போட்டிகளைப் பதினெட்டாக்கும் பேச்சும் அதனோடு சேர்ந்தே எழுந்துள்ளது.