உதவிப் பக்கங்களில் இணைப்பின் இடம்: ஒரு சுருக்க வரலாறு

உதவிப் பக்கத்தில் இணைப்பை எங்கே வைப்பது என்பது சிறியதொரு வடிவமைப்புச் சிக்கலாகவே கருதப்படுகிறது. வாசகரின் கவனத்தை எவ்வாறு மதிப்பது என்ற கேள்வி அதனுள் அடங்கியிருப்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பில், கட்டளைகளுக்கான பக்கங்கள் ஒரே ஒழுங்கைப் பின்பற்றின. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவை முன்னே நின்றன. பிற பக்கங்களைச் சுட்டும் ‘மேலும் காண்க’ பகுதி அவற்றுக்குப் பின்னரே வந்தது. அச்சுத்தாளைப் புரட்டிச் செல்ல வேண்டிய வாசகருக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர் 1983 முதல் உருவாக்கிய ஹைப்பர்டைஸ் இவ்வொழுங்கை மாற்றியது. தனிப் பட்டியலாக நின்ற தெரிவுகள் வாக்கியத்துக்குள்ளேயே துலங்கும் சொற்களாயின. சொல் நிற்கும் சூழலே அதன் பயனை உணர்த்தும் என்பது இதன் அடிப்படை. எனினும், சொல்லைத் தெரிவு செய்தவுடன் பக்கம் மாறிவிடவில்லை. முதலில் திரையின் அடியில் சிறு விளக்கம் தோன்றியது. தொடர்ந்து செல்வதா என்பதை வாசகரே முடிவு செய்தார்.

1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0இன் உதவி நிரல் இவ்வேறுபாட்டைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது. பச்சை எழுத்தின் கீழ் முழுக்கோடு இருந்தால் வேறு பக்கம் திறக்கும். புள்ளிக்கோடு இருந்தால் சொல்லின் பொருள் அங்கேயே சிறு சாளரத்தில் தோன்றும்.

1993இல் மொசைக் உலாவி பரவலாக்கிய நீல அடிக்கோட்டில் இப்பிரிவினை இல்லை. ஒரு சொல்லின் பொருளும் நெடுங்கட்டுரையும் ஒரே தோற்றம் பெற்றன. முன்பு கருவி உணர்த்திய வேறுபாட்டை, இனி எழுதுபவர் இணைப்பின் இடத்தாலும் சொல்லாலும் உணர்த்த வேண்டியதாயிற்று.

உதவிப் பக்கத்துக்கு வருபவர் பெரும்பாலும் பாதி வேலையில் நிற்பவர். மூன்றாம் படியைச் செய்து முடிக்க இன்றியமையாத இணைப்பு அப்படியிலேயே இருத்தல் வேண்டும். பின்னணி அறிவுக்கான இணைப்பு அங்கே நின்றால், அவர் வேலையை விட்டு வெளியேறி, திரும்பும் வழியையும் தவறவிடக்கூடும். அதற்குரிய இடம் பக்கத்தின் இறுதியே. அரை நூற்றாண்டுக்கு முன் அச்சுக் கையேடு வகுத்த ஒழுங்கு இங்கு இன்றும் பயன்படுகிறது.