மரண தண்டனையும் மேல்முறையீடும்

பல்லாவரம் கண்டோன்மென்டுக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் இடைப்பட்டது குரோம்பேட்டை. இவ்வூரைக் கடந்து செல்லும் மின்தொடர் வண்டியில் குடிமகனும் படைவீரனும் அருகருகே அமர்கின்றனர். ஆயினும் உயிரைப் பறிக்கும் தண்டனையில் அவ்விருவருக்கும் சட்டம் வகுத்த வழிகள் நெடுங்காலம் வேறு வேறாகவே இருந்தன.

ஆராயாது வழங்கிய தண்டனையின் கொடுமையைக் கோவலன் கதையால் உணர்ந்தவர் தமிழர். பாண்டியன் தன் பிழையை அறிந்தபோது, அதைத் திருத்தக் கோவலன் உயிரோடில்லை. பிற்காலச் சீர்திருத்தங்கள் எதிர்கொண்டதும் இந்த அச்சத்தையே.

குடிமக்களுக்கான சட்டம் மெல்ல மெல்ல நெகிழ்ந்தது. கொலைக் குற்றவாளிக்குத் தூக்கு விதிக்காவிடில் நீதிபதி காரணம் கூற வேண்டும் என்ற விதி 1955இல் நீங்கியது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, தூக்கு விதிப்பதற்கே தனிக்காரணம் கேட்டது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அத்தண்டனை தகும் என 1980இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் தூக்குத் தண்டனையை நிறைவேற்றவும் இயலாது.

படைவீரர் நிலை வேறு. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி அடங்கியதும் சிப்பாய்கள் பலர் விசாரணையின்றியே சுடப்பட்டனர். பின்னர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், சிலர் தூக்கிலேறினர். விடுதலைக்குப்பின் 1950இல் இயற்றப்பட்ட இராணுவச் சட்டப்படி, பொதுப் படைநீதிமன்றம் மரண தண்டனை விதிக்க உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைதல் போதும். அத்தீர்ப்பின்மேல் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி மேல்முறையீட்டுக்கு அரசியலமைப்பின் 136ஆம் பிரிவு இடந்தரவில்லை. சான்றுகளை மீண்டும் ஆராயும் ஒரு மேல்முறையீடுகூட இல்லாத குறையை 1982இல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. அக்குறையை நீக்கப் படைத்துறைத் தீர்ப்பாயச் சட்டம் வர 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று அத்தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலும் உண்டு.

எனினும் இருவகைச் சட்டங்களிலும் மரண தண்டனை நீடிக்கிறது. பயங்கரவாதம், நாட்டின்மீது போர்தொடுத்தல் ஆகியவை தவிர ஏனைய குற்றங்களுக்கு அதனை ஒழிக்கலாம் என 2015இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2023இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவோ அதனை விலக்கவில்லை.

மேல்முறையீடு பிழையைக் குறைக்கும், அறவே போக்காது. 1949 ஜூன் 3ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், தூக்குத் தண்டனை பெற்றோர்க்கு மேல்முறையீட்டு உரிமை வழங்குவது பற்றி விவாதம் எழுந்தது. அதைக்காட்டிலும் அத்தண்டனையையே ஒழித்தலை ஆதரிப்பேன் என்றார் அம்பேத்கர். அவ்விரண்டனுள் முன்னதைப் படைவீரருக்கு அளிக்கவே நாட்டுக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. பின்னது இன்னும் எஞ்சியே நிற்கிறது.